தீம் வைத்து ரெட்ரோ நடத்துவது எப்படி? படகுப் படம் போட்டால் போதுமா?

பாய்மரம் (கேள்வி)

வணக்கம். ஸ்க்ரம் முறையில் வேலை செய்யும், எட்டு பேர் கொண்ட ஒரு சாஃப்ட்வேர் குழுவுக்கு அண்மையில் ஸ்க்ரம் மாஸ்டராக, அதாவது அந்த முறைப்படி குழு நடக்க உதவுபவராக, வந்திருக்கிறேன். வேலையை இரண்டு வாரச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்கிறோம், ஒரு சுற்றுக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். அது முடியும் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ரெட்ரோ, அதாவது எப்படி வேலை செய்தோம் என்று குழு திரும்பிப் பார்க்கும் கூட்டம். ஐந்து பேர் ஒரே அறையில் இருப்பார்கள், மூன்று பேர் வீட்டிலிருந்து சேர்வார்கள்.

நான் வருவதற்கு முன்பிருந்தே ரெட்ரோவுக்கு ஒரே அச்சுதான். எது நன்றாக நடந்தது, எது சரியில்லை, இனி என்ன செய்யலாம் என்று மூன்று பத்திகள். வந்து விழும் குறிப்புகளும் அதேதான்: 'டீம்வொர்க் அருமை', 'ரிக்வயர்மென்ட் தாமதமாக வருகிறது', 'டெஸ்டிங்குக்கு நேரம் போதவில்லை'. பாதி நேரத்துக்குள் பேச்சு வற்றிவிடுகிறது. அப்புறம் ஆளாளுக்கு மெயில் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இதில் டெஸ்டிங் விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்களிடம் டெஸ்டர்கள் இரண்டு பேர். ஸ்பிரிண்டின் கடைசி மூன்று நாட்களில்தான் அவர்களிடம் கார்டுகள் (ஒரு கார்டு என்றால் போர்டில் இருக்கும் ஒரு வேலை) மொத்தமாகப் போய்ச் சேர்கின்றன. போன ரிலீசுக்கு முந்தைய இரவு அவர்களில் ஒருவர் வெகுநேரம் தனியாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். ஆனால் அடுத்து வந்த ரெட்ரோவில் அவர் வாயே திறக்கவில்லை.

வேறொரு குழுவில் இருக்கும் தோழி, 'தீம் வைத்து நடத்திப் பாரேன்' என்றாள். படகு, விண்வெளி, கால்பந்து என்று நிறைய டெம்ப்ளேட் கிடைக்கிறதாம். எங்கள் சீனியர் டெவலப்பரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். 'படம் வரைகிற நேரத்தில் இரண்டு பக் சரிசெய்துவிடலாமே' என்றார். அவர் குறை சொல்லும் ஆள் இல்லை. குழுவில் அதிகம் உழைப்பவரே அவர்தான். அதனால்தான் அவர் சொன்னது மனதில் நிற்கிறது.

தீம் உண்மையிலேயே உதவுமா? உதவும் என்றால் எங்கள் குழுவுக்கு எதை எடுப்பது? ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? இன்னொன்று, எங்கள் மேனேஜரும் ரெட்ரோவில் வந்து உட்காருகிறார். நல்ல மனிதர்தான். இருந்தாலும் அவர் இருக்கும்போது பேச்சு ஒரு மாதிரியாகத்தான் போகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை நடத்தியாக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்குறிப்பு

முதல் தடவை என்றால் படகையே எடுங்கள். விளக்க ஒரு நிமிடம் போதும். படகு உங்கள் குழு. போய்ச் சேர வேண்டிய தீவு உங்கள் இலக்கு. தள்ளிக்கொண்டு போகும் காற்று உதவுகிற விஷயங்கள், பிடித்து இழுக்கும் நங்கூரம் தாமதப்படுத்துகிற விஷயங்கள், எதிரே நீருக்குள் இருக்கும் பாறை இனி வரக்கூடிய ஆபத்து.

இது முதலில் ரெட்ரோவுக்காக வந்ததே இல்லை. லூக் ஹோமன் என்பவர், ஒரு பொருளைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்களுக்கு அதில் எது பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள விசைப்படகும் நங்கூரங்களும் வைத்து ஒரு விளையாட்டு செய்தார். காற்று, தீவு, பாறை எல்லாம் பிறகு மற்றவர்கள் சேர்த்துக்கொண்டது. எனக்கு இதில் பிடித்தது பாறைதான். வழக்கமான மூன்று பத்திகளில் பெரும்பாலும் நடந்து முடிந்ததைப் பற்றியே எழுதுவோம். பாறை என்று ஒன்று இருந்தால் வரப்போவதைப் பற்றியும் நாலு பேர் எழுதுவார்கள்.

கார்டுநகர்த்தி

பாய்மரம், உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தீம் என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறோம். ஒன்று படம்: படகு, மலையேற்றம், விண்கலம். இன்னொன்று பொருள்: இந்த ஒரு மணி நேரமும் எதைப் பற்றி மட்டும் பேசப்போகிறோம் என்பது. நிறைய குழுக்கள் படத்தை மாற்றிவிட்டுப் பொருளைத் திறந்தே விட்டுவிடுகின்றன. அப்போது 'டெஸ்டிங்குக்கு நேரம் போதவில்லை' என்ற அதே குறிப்பு, சரியில்லாதவை பத்தியிலிருந்து நங்கூரத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். உங்கள் சீனியர் டெவலப்பர் பயப்படுவதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆகவே முதலில் பொருளை முடிவு செய்யுங்கள். உங்களுக்கு அது கையிலேயே இருக்கிறது: ஒரு கார்டு கோட் எழுதி முடிந்ததிலிருந்து டெஸ்டிங் முடியும் வரை என்ன ஆகிறது? இது ஒன்றுதான் அன்றைய தீம். தேவைகள் தாமதமாக வருவது, மீட்டிங் அதிகம் என்பது எல்லாம் அன்றைக்கு வேண்டாம். யாராவது எடுத்தால் ஓரமாக ஒரு தாளில் குறித்துவைத்து, அடுத்த முறை பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி அடுத்த முறை எடுக்கவும் வேண்டும்.

'டெஸ்டிங்' என்றே தலைப்பு வைக்காதீர்கள். அப்படி வைத்தால் கூடியிருப்பவர்களின் பார்வை அந்த இரண்டு பேர் மீது போய்விடும். கார்டின் பயணம் என்று வையுங்கள். கார்டு எல்லார் கையிலும் போகிற பொருள், யாரையும் சுட்டாது.

இதே மாதிரி ஒன்றை எங்கள் குழுவில் நடத்தியதைச் சொல்கிறேன். எங்களுக்கும் டெஸ்டிங் கடைசி நாட்களில் குவியும். டெவலப்பர்கள் மெதுவாக முடிக்கிறார்கள் என்று டெஸ்டர்கள் நினைத்தார்கள். டெஸ்டர்கள் எதையும் முன்கூட்டியே தயார் செய்வதில்லை என்று டெவலப்பர்கள் நினைத்தார்கள். இரண்டு தரப்பும் வெளியே சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

வேலைகளைப் பத்தி பத்தியாகக் காட்டும் எங்கள் போர்டின் ஹிஸ்டரியிலிருந்து, ஒவ்வொரு கார்டும் எந்த நாள் எந்தப் பத்திக்கு நகர்ந்தது என்பதை எடுத்துவைத்தேன். ஒயிட்போர்டில் குறுக்காக ஒரு கோடு போட்டு, ஸ்பிரிண்டின் பத்து வேலை நாட்களையும் பிரித்தேன். கார்டுகளைக் கோட்டில் ஒட்டும் வேலையை நான் செய்யவில்லை. தேதிப் பட்டியலைக் கொடுத்து அவர்களையே ஒட்டச் சொன்னேன். இது முக்கியம். நாம் ஒட்டிக் காட்டினால் அது நம் குற்றச்சாட்டு மாதிரித் தெரியும். அவர்களே ஒட்டும்போது அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பாஸ்வேர்டு மாற்றும் திரைக்கான கார்டு ஒன்று இருந்தது. அதை எழுதிய டெவலப்பர், முதல் வாரப் புதன்கிழமையில் பச்சை ஸ்டிக்கியை ஒட்டினார். கோட் முடிந்தது என்று அர்த்தம். டெஸ்டர் தன் நீல ஸ்டிக்கியைக் கொண்டுபோய் அடுத்த வாரச் செவ்வாயில் ஒட்டினார். இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். நடுவில் வெள்ளைப் பலகைதான் தெரிந்தது. 'புதன்கிழமையே முடித்துவிட்டேனே' என்றார் இவர். 'செவ்வாய் சாயங்காலம்தான் என் கைக்கு வந்தது' என்றார் அவர். பிறகு மற்ற கார்டுகளையும் பார்த்தோம். பெரும்பாலானவற்றுக்கு அதே இடைவெளி, அதே செவ்வாய்.

அந்த நாட்களில் கார்டு எங்கே இருந்தது என்றால், ரிவியூ பத்தியில். கோட் ரிவியூ, அதாவது ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் பார்த்துச் சரி சொல்வது, அதைச் செய்ய அனுமதி உள்ளவர் ஒரே ஒருவர். அவருக்கு ஸ்பிரிண்டின் முதல் வாரம் முழுக்க ப்ரொடக்‌ஷனிலிருந்து வரும் புகார்களைப் பார்க்கும் பொறுப்பும் இருந்தது. அது முடிந்து இரண்டாவது வாரம் திங்கள், செவ்வாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்து அனுப்புவார். தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தவர்தான். யாரும் மெதுவும் இல்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்த இரண்டு தரப்புக்கும் அன்றைக்குத்தான் முகம் தெளிந்தது.

எடுத்த முடிவுகள் இரண்டே. ரிவியூ செய்யும் அனுமதியை இன்னும் இருவருக்குக் கொடுப்பது. ரிவியூ பத்தியில் ஒரே நேரத்தில் மூன்று கார்டுகளுக்கு மேல் இருக்கக்கூடாது. நிறைந்துவிட்டால் யாரும் புதுக் கார்டு எடுக்காமல் போய் ரிவியூ செய்வது. ஒரே நேரத்தில் நடக்கும் வேலைக்கு வரம்பு வைக்கும் கான்பன் முறை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் கான்பன் வகுப்பு எடுத்துச் சொல்லியிருந்தால் எங்கள் குழு தலையாட்டிவிட்டு மறந்திருக்கும். தாங்களே ஒட்டிய ஸ்டிக்கிகளுக்கு நடுவில் அந்த இடைவெளியைப் பார்த்ததால்தான் ஒத்துக்கொண்டார்கள்.

உங்கள் குழுவில் காரணம் வேறாக இருக்கலாம். பில்ட், அதாவது டெஸ்ட் செய்யக் கொடுக்கும் மென்பொருள் தொகுப்பு, தயாராகத் தாமதமாகலாம், டெஸ்ட் சர்வர் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம், கார்டுகளே பெரிதாக இருக்கலாம். முன்கூட்டியே ஒரு விடையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இப்போது நேரம். ரெட்ரோவை ஐந்து கட்டமாக எஸ்தர் டெர்பியும் டயானா லார்சனும் 2006-இல் எழுதிய முறை இன்றும் நன்றாக வேலை செய்கிறது: சூழலை அமைப்பது, தகவல் சேர்ப்பது, காரணம் தேடுவது, முடிவெடுப்பது, முடித்துவைப்பது. ஒரு மணி நேரத்தில் முதல் ஐந்து நிமிடம் தொடக்கத்துக்கு. அடுத்த பதினைந்து நிமிடம் கோட்டில் ஒட்டுவதற்கு. இதில் முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, அவரவர் எழுத வேண்டும். இந்த அமைதியை விட்டுக்கொடுக்காதீர்கள். பேச்சில் முந்துகிறவர்கள் முதலில் பேசிவிட்டால், மற்றவர்கள் அதை ஒட்டியே எழுதுவார்கள். உங்கள் டெஸ்டர் போன்றவர்களுக்கு இந்த ஐந்து நிமிடம்தான் குரல். பிறகு இருபது நிமிடம், எது ஏன் என்று பேச்சு. எதைத் தீர்ப்பது என்று ஆளுக்கு மூன்று புள்ளி கொடுத்து வாக்கெடுப்பு, அதில் முதலில் வந்ததற்கு மட்டும் தீர்வு, இதற்குப் பதினைந்து நிமிடம். கடைசி ஐந்தில் யார், எப்போது என்று எழுதிவிட்டு எழுந்துவிடுங்கள். நேரம் இறுக்கம்தான். ஸ்க்ரம் முறையின் வழிகாட்டி நூலான ஸ்க்ரம் கைடு ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம் தருகிறது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கேட்டாலும் அதிகமில்லை. கிடைத்தால், காரணம் தேடும் பகுதிக்கே கூடுதல் நேரத்தைக் கொடுங்கள்.

மேனேஜர் விஷயம். அவரிடம் தனியாக, முன்கூட்டியே பேசுங்கள். குழு தானாகப் பேசிப் பழக வேண்டும், இந்த முறை கடைசிப் பத்து நிமிடம் வாருங்கள், எடுத்த முடிவுகளுக்கு உங்கள் உதவி தேவைப்படும் என்று சொல்லுங்கள். நல்ல மனிதர் என்கிறீர்கள், புரிந்துகொள்வார். அவர் முழுநேரமும் இருந்தே ஆக வேண்டும் என்றால், தொடக்கத்தில் பெயர் போடாமல் ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் எழுதி வாங்குங்கள்: இன்றைக்கு மனதில் உள்ளதை எந்த அளவு பேச முடியும்? ஒன்றும் இரண்டுமாக வந்தால் டெஸ்டிங் பேச்சை அன்று எடுக்காதீர்கள். எண்களை மாற்ற என்ன வேண்டும் என்று கேட்பதே அன்றைய ரெட்ரோவாக இருக்கட்டும்.

தொடங்கும்போது நார்ம் கெர்த் 2001-இல் எழுதிய அடிப்படை விதியை உங்கள் சொற்களில் சொல்லுங்கள். அன்றைக்குத் தெரிந்தது, இருந்த திறமை, கையில் இருந்த வசதி, சூழ்நிலை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் ஒவ்வொருவரும் தம்மால் முடிந்ததைத்தான் செய்தார்கள் என்று நம்பித் தொடங்குவோம், என்பது அதன் கருத்து. சும்மா சடங்காக வாசித்துவிட்டுப் போகாமல், குழுவைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒருவர் இரவு தனியாக உட்கார்ந்து முடித்த ரிலீசைப் பற்றிப் பேசப்போகிறீர்கள். இது அங்கே தேவைப்படும்.

பழையகோட்

உங்கள் சீனியர் டெவலப்பர் இடத்தில் இருப்பவன் நான், அதனால் அவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களுக்குப் படகின் மீது வெறுப்பு கிடையாது. போன ரெட்ரோவில் எழுதிய முடிவு என்ன ஆயிற்று என்று யாருமே கேட்பதில்லை, அதுதான் வெறுத்துப்போகிறது. ஆறு குறிப்பு எழுதினோம், ஆறும் அந்த போர்டிலேயே கிடந்தன. அடுத்த ரெட்ரோவுக்குப் புது போர்டு திறந்தார்கள். இப்படியே போனால் எந்த மனிதனும் மெயில்தான் பார்ப்பான்.

ஆகவே எந்தத் தீம் எடுத்தாலும் முதல் ஐந்து நிமிடத்தில் போன முடிவைத் திரையில் போடுங்கள். செய்தோமா? பலன் இருந்ததா? செய்யவில்லை என்றால், அது இன்னும் தேவையா? தேவையில்லை என்றால் எல்லார் முன்னாலும் அடித்துவிடுங்கள். அதுவும் ஒரு மரியாதைதான்.

அப்புறம், எடுத்த முடிவை ஸ்பிரிண்ட் பேக்லாகில், அதாவது அடுத்த ஸ்பிரிண்டின் வேலைப் பட்டியலில், ஒரு கார்டாகவே போடுங்கள், ஆள் பெயரோடு. ஸ்க்ரம் கைடின் 2017 பதிப்பில், போன ரெட்ரோவில் வந்த முக்கியமான முன்னேற்றம் ஒன்றாவது ஸ்பிரிண்ட் பேக்லாகில் இருக்க வேண்டும் என்றே எழுதியிருந்தார்கள். 2020 பதிப்பில் அதைக் கட்டாயம் இல்லாமல், சேர்க்கலாம் என்ற அளவில் தளர்த்திவிட்டார்கள். எங்கள் குழு இன்றும் பழைய விதியைத்தான் வைத்திருக்கிறது. கார்டாக இருந்தால் தினமும் நடக்கும் டெய்லி மீட்டிங்கில் கண்ணில் படும், யாராவது நகர்த்துவார்கள். மீட்டிங் குறிப்பில் இருந்தால் எவரும் திறந்தே பார்க்கமாட்டார்கள்.

கார்டுநகர்த்தி சொன்ன மாதிரி, போர்டின் ஹிஸ்டரியை எடுத்துவைத்தால் என்னைப் போன்றவர்கள் தானாகவே அருகில் வந்துவிடுவோம். உணர்ச்சியைக் கேட்டால் எனக்கு வாய் வராது. தேதியைக் கேட்டால் பேசுவேன்.

இன்னொரு யோசனை. அவரையே அந்த ஹிஸ்டரியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். டூலில் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ரெட்ரோவுக்கு முன்பே அவரும் எண்களைப் பார்த்துவிட்டால், அறைக்குள் எதிர்ப்பாளராக உட்காரமாட்டார்.

மறுமுனை

வீட்டிலிருந்து சேரும் மூன்று பேரைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நானும் அப்படித்தான் சேருகிறேன்.

சுவரில் ஒட்டும் ஒயிட்போர்டு அறையில் இருப்பவர்களுக்கு அருமையாக இருக்கும். எங்களுக்கு அது கேமராவின் மூலையில் மங்கலாகத் தெரியும் மஞ்சள் சதுரங்கள். 'நீங்கள் சொல்லுங்கள், நான் உங்களுக்காக எழுதி ஒட்டுகிறேன்' என்று ஒருவர் அன்போடு முன்வருவார். ஆனால் அங்கே எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கும் விஷயத்தை இன்னொருவர் காதில் சொல்லி எப்படி எழுதவைப்பது? ஆகவே மூன்று பேர் வெளியே இருந்தால், எட்டு பேருமே அவரவர் லேப்டாப்பில் ஒரே ஆன்லைன் போர்டில் எழுதட்டும். மிரோ, மியூரல் எதுவானாலும் சரி. வெறும் பகிர்ந்த ஸ்ப்ரெட்ஷீட்கூடப் போதும். பத்து நாளுக்குப் பத்து பத்தி, ஒரு வரிக்கு ஒரு கார்டு. முதல் நாளே லிங்க் அனுப்பி எல்லாருக்கும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அன்றைக்குப் பெர்மிஷன் கேட்டுக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் போய்விடும்.

பேசும் வரிசையில் வெளியே இருப்பவர்களை முதலில் கூப்பிடுங்கள். அறைக்குள் பேச்சு சூடு பிடித்துவிட்டால் அதற்குள் நுழைய எங்களுக்கு இடைவெளியே கிடைக்காது. மியூட்டை எடுத்துவிட்டு மூன்று முறை மூச்சு இழுத்து, திரும்ப மியூட் போட்டுக்கொண்ட அனுபவம் எல்லாருக்கும் இருக்கும்.

படம் வைப்பதானால் குழுவில் எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். கால்பந்து தீம் என்று வைத்துவிட்டு ஆஃப்சைடு என்றால் என்ன என்று எனக்கு விளக்கம் சொன்னார்கள். அதற்குள் நான் எழுத நினைத்ததே மறந்துபோனது.

பாய்மரம்

எல்லாருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

முடிவு செய்துவிட்டேன். படம் இந்த முறை வேண்டாம். கார்டின் பயணம்தான் தீம், பத்து நாள் கோடு, ஆன்லைன் போர்டு, எல்லாரும் அவரவர் லேப்டாப்பில். சீனியர் டெவலப்பரிடம் இன்று மதியம் ஹிஸ்டரி கேட்டேன். பத்து நிமிடத்தில் எடுத்து அனுப்பிவிட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: 'டெஸ்ட் சர்வரில் பில்ட் ஏற்றிய நாட்களையும் சேர்த்திருக்கிறேன், தேவைப்படலாம்.' நான் அதைக் கேட்கவே இல்லை. மேனேஜரும் கடைசிப் பத்து நிமிடம் வருவதாக ஒத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சந்தேகம். ஹிஸ்டரியை மேலோட்டமாகப் பார்த்ததில், சில கார்டுகள் டெவலப்மென்ட் பத்தியிலிருந்து பின்னால் போய்த் திரும்ப வந்திருக்கின்றன. ப்ராடக்ட் ஓனர் (என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்பவர்) நடுவில் தேவையை மாற்றியவை அவை என்று நினைக்கிறேன். அவர் ரெட்ரோவுக்கு வருவதில்லை. பேச்சு முழுக்க 'அவர்தான் காரணம், நம் கையில் ஒன்றும் இல்லை' என்று போய்விட்டால் என்ன செய்வது?

கார்டுநகர்த்தி

அது வரும், தயாராக இருங்கள். முதலில், ப்ராடக்ட் ஓனரும் ஸ்க்ரம் டீமில் ஒருவர்தான். ரெட்ரோவில் அவருக்கு இடம் உண்டு. ஆனால் இந்த முறை திடீரென்று கூப்பிடாதீர்கள். தன்னைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்துவிடுவார். இந்த ரெட்ரோ முடியட்டும், அவரிடம் நீங்களே போய்ப் பேசி, அடுத்ததிலிருந்து வரச் சொல்லுங்கள்.

பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்தால் டயானா லார்சனின் வட்டங்களைப் போடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். உள்வட்டம் நாமே மாற்றக்கூடியது. அடுத்தது நேரடியாக மாற்ற முடியாது, ஆனால் பேசிப் பார்க்கலாம் என்பது. இரண்டுக்கும் வெளியே இருப்பதை அவர் 'சூப்' என்கிறார். அது நம் கையில் இல்லை, அதற்கு ஏற்ப நடந்துகொள்ளத்தான் முடியும். காரணங்களை எழுதிய ஸ்டிக்கிகளை எங்கே போட வேண்டும் என்று குழுவையே கேளுங்கள்.

'ப்ராடக்ட் ஓனர் நடுவில் மாற்றுகிறார்' என்பதை எல்லாரும் வெளியே தள்ளுவார்கள். அப்போது அந்த ஸ்டிக்கியைக் கையில் எடுத்து, இதில் எந்தப் பகுதி நம் வட்டத்துக்குள் வரும் என்று கேளுங்கள். கார்டை எடுக்கும் முன் எப்போது சரி என்று ஒத்துக்கொள்வோம் என்பதை அவரோடு உட்கார்ந்து நாலு வரி எழுதலாம். திரை பாதி தயாரானதும் மூன்றாவது நாளே அவருக்குக் காட்டலாம், எட்டாவது நாள் வரை காத்திருக்க வேண்டாம். மாற்றம் வந்தால் பழைய கார்டைப் பின்னால் தள்ளாமல் புதுக் கார்டு போட்டு, அதற்குப் பதில் எதை எடுத்துவைப்பது என்று அவரிடமே கேட்கலாம். மூன்றும் உள்வட்டத்தில் இருப்பவை, யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

உங்கள் டெவலப்பர் பில்ட் ஏற்றிய நாட்களைச் சேர்த்திருக்கிறார் என்றால், அவருக்கு அங்கே ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. அதைப் பற்றி ரெட்ரோவுக்கு முன் நீங்களாக எதுவும் சொல்ல வேண்டாம். ஒட்டும்போது அவர் வாயாலேயே வரட்டும்.

இன்னும் ஒன்று மட்டும். அன்றிரவு உட்கார்ந்து வேலை முடித்த டெஸ்டரிடம் வியாழக்கிழமையே தனியாகப் பேசிவிடுங்கள். அந்த ரிலீசைப் பற்றிப் பேசப்போகிறோம், நீங்கள் விரும்பினால் சொல்லலாம், விரும்பாவிட்டால் உங்களைக் கேட்கமாட்டேன் என்று. போர்டைச் சேமித்து மேனேஜருக்கு அனுப்புவதானால் முடிவுகளை மட்டும் அனுப்புங்கள். ஸ்டிக்கிகளை அனுப்ப வேண்டியிருந்தால் எட்டு பேரையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.